கோத்தகிரி வீட்டு ஏசியில் சூடு வரவில்லை, ரிப்பேருக்கு 17 ஆயிரம் கேட்கிறார்கள். நியாயமா?

கோத்தகிரி_பேரன் | 9 ஜனவரி 2026, இரவு 9:14

வணக்கமுங்க. நான் வேலை பார்ப்பது திருப்பூரில், அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) வீடு கோத்தகிரி பக்கம். அவருக்கு வயசு எண்பதை நெருங்குகிறது. மார்கழி வந்தால் இளைப்பும் கூடவே வந்துவிடும். அதனால் 2021 நவம்பரில் அவர் அறையில் ஒன்றரை டன் ஹாட் அண்ட் கோல்ட் (சூடும் குளிரும் தரும்) இன்வெர்ட்டர் ஏசி மாட்டினோம். உள்ளே சுற்றும் குளிரூட்டி ஆர்32 கேஸ். இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை.

டிசம்பர் கடைசியிலிருந்து ராத்திரியில் சூடு நிற்பதில்லை. முதல் ஒரு மணி நேரம் நன்றாக வருகிறது, அப்புறம் வெறும் சில்லென்ற காத்து. காலையில் போய்ப் பார்த்தால் அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கம் முழுக்க ஐஸ் கட்டி வெள்ளையாக நிற்கிறது, பழைய ஃபிரிட்ஜின் ஃபிரீசரைத் திறந்த மாதிரி.

கீழேயிருந்து ஒரு மெக்கானிக்கை வரச் சொன்னோம். காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். கேஜ் (அழுத்தமானி) மாட்டிப் பார்த்து, "கேஸ் பாதிதானுங்க இருக்குது" என்று சொல்லி ஏற்றினார். கேஸுக்கு 3,800, மலை ஏறி வந்ததற்கு 1,500. பில் கிடையாது. அதற்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம். அரை மணி நேரம் ஓடுகிறது, ஏதோ எரர் காட்டி மொத்தமாக நின்றுவிடுகிறது.

அப்புறம் கம்பெனி சர்வீஸில் புகார் கொடுத்தோம். வந்தவர் திறந்து பார்த்துவிட்டு அவுட்டோர் போர்டு (எலக்ட்ரானிக் சர்க்யூட்) போச்சு என்கிறார். போர்டு 13,800, விசிட் 700, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக மொத்தம் 17,110. கொடுக்கலாமா? இல்லை, இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குவதா?

ஈரோட்டு_மஞ்சள் | 9:31

கோத்தகிரியில் ஏசியா! நாங்கள் இங்கே மாசி பிறந்தாலே வெந்துகொண்டிருக்கிறோம், உங்களுக்கு மார்கழியில் ஏசி வேலை செய்யவில்லை என்று வெசனம். நடத்துங்க.

கோத்தகிரி_பேரன் | 9:38

சூடு பண்ணுவதற்குத்தானுங்க மாட்டினோம். ஆனால் வெயிலுக்கும் இப்போது தேவைப்படுகிறது. 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியிலேயே 29 டிகிரி அடித்ததே, மறந்துட்டீங்களா?

சிங்காநல்லூரான் | 9:52

ஒரே வார்த்தை: ஆயில் ஹீட்டர். ஏழெட்டாயிரத்துக்குள் முடிந்தது. போர்டு இல்லை, கேஸ் இல்லை, மெக்கானிக் இல்லை. மலையில் ஏசி மாட்டுவது வெட்டிச் செலவு.

காப்பர்_பைப் | 10:20

தம்பி, கோயம்புத்தூரில் இந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவன் நான். காசு கொடுப்பதற்கு முன்னால் இதற்கெல்லாம் பதில் சொல்லுங்க.

முதலில் வந்தவர் கேஜ் மாட்டியபோது ஏசி ஓடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா? முள் எவ்வளவில் நின்றது? கேஸ் ஏற்றும்போது சிலிண்டரைத் தராசில் வைத்தாரா? லீக் எங்கே என்று தேடினாரா, சோப்பு நுரையாவது தடவிப் பார்த்தாரா? அவுட்டோர் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் நேம் பிளேட்டில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறது?

கம்பெனிக்காரர் போர்டை எதை வைத்து அளந்தார் என்றும் கேட்டுச் சொல்லுங்க.

கோத்தகிரி_பேரன் | 10 ஜனவரி, காலை 7:45

ண்ணா, மாமாதான் பக்கத்தில் நின்றவர், அவரிடம் கேட்டேன். ஏசி ஓடாமல் நிற்கும்போதே மாட்டினாராம். "160 தான் காட்டுது, 250க்கு மேல இருக்கோணும்" என்றாராம். அப்புறம் கூலிங்கில் ஓடவிட்டு, 130 வரும்வரை ஏற்றினாராம். தராசு இல்லை. நுரையும் தடவவில்லை. நேம் பிளேட்டில் 0.95 கிலோ என்று இருக்கிறது.

கம்பெனிக்காரர் மூடியைக் கழற்றினார், ஐஸைப் பார்த்தார், எரர் நம்பரைப் பார்த்தார், போனில் யாரிடமோ பேசினார். மீட்டரை வெளியே எடுக்கவே இல்லை என்கிறார் மாமா.

காப்பர்_பைப் | 8:30

நினைத்தேன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், மலையில் ஏசி வைத்திருக்கிற மற்றவர்களுக்கும் ஆகும்.

ஏசி நின்றிருக்கும்போது கேஜில் தெரியும் அழுத்தம், உள்ளே கேஸ் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டாது. வெளியே எவ்வளவு குளிர் என்பதைத்தான் காட்டும். உள்ளே கேஸும் திரவமும் கலந்து நிற்கிறது. கொஞ்சமாவது திரவம் இருக்கும்வரை, அரைக் கிலோ இருந்தாலும் ஒரு கிலோ இருந்தாலும் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். ஆர்32 கேஸ் 30 டிகிரியில் 260 பிஎஸ்ஐயை (கேஜில் காட்டும் அழுத்த அளவு) தாண்டும். பத்துப் பன்னிரண்டு டிகிரியில் 150, 160தான். அதாவது உங்கள் அமுச்சி வீட்டில் காலை ஏழு மணிக்கு 160 காட்டியது என்றால், அது சரியான அளவு. அந்த மனுஷன் மேட்டுப்பாளையம் வெயிலில் பார்த்துப் பழகிய நம்பரை மனதில் வைத்துக்கொண்டு மலையில் தேடியிருக்கிறார்.

அடுத்தது இன்னும் கொடுமை. குளிர்ந்த அறையில் கூலிங்கில் ஓடவிட்டால் சக்‌ஷன் பிரஷர் (கம்ப்ரசர் கேஸை இழுக்கும் பக்கத்து அழுத்தம்) எப்படியும் தாழ்ந்துதான் இருக்கும், அறையில் இழுப்பதற்குச் சூடே இல்லையே. அதில் 130 வரும்வரை ஏற்றினால் வேண்டியதைவிடக் கூடுதலாக உள்ளே போயிருக்கும். ஹீட்டிங்கில் ஓடும்போது இண்டோர் காயில்தான் கண்டென்சர், அதாவது கேஸ் சூட்டை வெளியே விடும் இடம். கேஸ் கூடினால் அங்கே பிரஷர் எகிறும், மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். "அதற்குப் பிறகு மோசம், எரர் காட்டி நிற்கிறது" என்று நீங்கள் சொன்னது இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மலை உயரமும் கேஜில் விளையாடும். கோத்தகிரி 1,800 மீட்டர் பக்கம். காற்றழுத்தம் குறைவு என்பதால் வேக்கம் போடும்போது (பம்ப் வைத்துக் குழாயிலிருந்து காற்றை இழுத்துக் காலியாக்கும்போது) கோவையில் 28 அங்குலம் வரை இறங்கும் முள், அங்கே 24 பக்கமே நின்றுவிடும். புதுப்பையன்கள் பம்ப் கெட்டுப்போச்சு என்று நினைத்துத் திரும்பி வந்த கதையெல்லாம் உண்டு. அதனால்தான் சொல்கிறேன், மலையில் பிரஷர் பார்த்து கேஸ் போடக் கூடாது. இருக்கிறதை முழுக்க வெளியே எடுத்துவிட்டு, வேக்கம் போட்டு, தராசில் வைத்து 950 கிராம் ஏற்ற வேண்டும். பைப் நீளம் கூடுதலாக இருந்தால் மட்டும் அதற்குத் தக்கபடி கொஞ்சம் சேர்க்கலாம்.

இன்னொன்று. கேஸ் தேய்ந்து தீர்ந்துபோகிற சாமான் கிடையாது. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையைத் தேடாமல் "வருஷத்துக்கு ஒருக்கா டாப் அப்" என்று சொல்கிற ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்க.

சிங்காநல்லூரான் | 8:41

சரிங்ணா, கேஸ் குறையவே இல்லை என்றால் முதலில் ஐஸ் கட்டியது ஏன்?

காப்பர்_பைப் | 1:15

சாப்பிட்டுவிட்டு வந்தேன். அதுதான் கேள்வியே.

ஹீட்டிங்கில் அவுட்டோர் காயில் வெளிக்காற்றைவிடக் குளிராக இருந்தால்தான் அதிலிருந்து சூட்டை உறிஞ்ச முடியும். வெளியே நான்கைந்து டிகிரி என்றால் காயில் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும், காற்றில் இருக்கும் ஈரம் அதில் பனியாக ஒட்டும். இது கோளாறே இல்லை. இதில் கோத்தகிரி மாதிரி மேகம் படுத்துக் கிடக்கும் ஊர் இருக்கிறதே, மைனஸ் ஐந்தில் வறண்டு கிடக்கும் ஊரைவிட இங்கேதான் ஐஸ் வேகமாகக் கட்டும்.

அதற்குத்தான் டிஃப்ராஸ்ட். காயிலில் ஒரு சென்சார் செருகியிருக்கும். ரொம்ப நேரம் பூஜ்யத்துக்குக் கீழேயே கிடந்தால் போர்டு கண்டுபிடித்து, கேஸ் ஓடும் திசையை மாற்றும் ஃபோர் வே வால்வைத் திருப்பிவிடும். அப்போது "புஸ்" என்று ஒரு சத்தம் வரும். சூடான கேஸ் அவுட்டோருக்கே போய் ஐஸைக் கரைக்கும். அந்த ஐந்து பத்து நிமிஷம் அறைக்குள் சூடு வராது, அவுட்டோரில் இருந்து தண்ணீர் கொட்டும், ஆவி கிளம்பும். தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து மெயினை அணைத்தவர்களும் உண்டு.

உங்கள் வீட்டில் ஐஸ் விடிகாலை வரை அப்படியே இருக்கிறது என்றால் டிஃப்ராஸ்ட் நடக்கவில்லை. போர்டு கட்டளை கொடுக்காமல் இருக்கலாம், வால்வு சிக்கியிருக்கலாம், சென்சார் பொய் சொல்லலாம். மூன்றில் மலிவானதை முதலில் பாருங்க. சென்சாரைக் கழற்றி ஐஸ் தண்ணீரில் போட்டு மீட்டர் வைக்கச் சொல்லுங்க. 10 கே (கிலோ ஓம்) சென்சார் என்றால் அறைச் சூட்டில் பத்துப் பக்கம், ஐஸ் தண்ணீரில் முப்பது பக்கம் காட்ட வேண்டும். நகரவே இல்லை என்றால் செத்த சென்சார். சில நூறு ரூபாய் சாமான்.

13,800க்குப் போர்டு மாற்றுவது அதற்கு அப்புறம்.

பொள்ளாச்சி_அம்மணி | 2:05

தம்பி, 2021 நவம்பர் என்றீர்கள். வாரண்டி கார்டை எடுத்துப் பார்த்தீர்களா? நிறைய இன்வெர்ட்டர் மாடல்களில் கம்ப்ரசருக்குப் பத்து வருஷம், போர்டுக்கு ஐந்து வருஷம் என்று தனித்தனியாக இருக்கும். உங்களுக்கு ஐந்து இன்னும் முடியவில்லை. எஸ்டிமேட்டில் போர்டு விலையை எப்படிப் போட்டார்கள்?

ஒன்று தெரிந்துகொள்ளுங்க, "பத்து வருஷ வாரண்டி" என்று பெரிய எழுத்தில் போடுவது கம்ப்ரசர் என்ற சாமானுக்கு மட்டும். அதை மாற்றும்போது கேஸ், கூலி, போக்குவரத்து எல்லாம் நம் தலையில். எங்கள் வீட்டில் "இலவச" கம்ப்ரசர் மாற்றியதற்கு ஆறாயிரத்துக்கு மேல் ஆனது.

எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்க. கழற்றிய பழைய போர்டைத் திருப்பிக் கேளுங்க. மறுத்தால் 1915க்குப் போன் போடுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணமே கிடையாது.

கோத்தகிரி_பேரன் | 2:50

அக்கா, கார்டு திருப்பூரில் என்னிடமே இருந்தது. போர்டுக்கு ஐந்து வருஷம் என்று தெளிவாக அச்சடித்திருக்கிறது. வந்தவர் வாங்கிய தேதியைக் கேட்கவே இல்லை! இப்போதே மெயில் போடுகிறேன்.

குன்னூர்_மேகம் | மாலை 6:10

முதலில் வந்தவர் 1,500 வாங்கியதை யாரும் திட்ட வேண்டாம். வேலை தப்பு, கேஸ் காசு தப்பு, அது வேறு. மலை ஏறி வரும் கூலி அவ்வளவு ஆகத்தான் செய்யும்.

இங்கே ஏசி மெக்கானிக்குக்குச் சம்பளம் கட்டும் அளவுக்கு வேலை கிடையாது. பேக்கரி ஃபிரிட்ஜ், ஹோட்டல் கோல்ட் ரூம், பால் கூலர், இவைதான் சோறு போடும். வீட்டு ஏசி எப்போதாவது ஒன்று. அதனால் கீழே இருந்துதான் ஆள் வர வேண்டும். வெளிமாவட்ட வண்டி என்றால் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்க வேண்டும். சீசனில் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கு என்று ஒருவழிப் பாதை வேறு. ஒரு சாமான் மறந்துவிட்டால் மறுபடி பர்லியார் தாண்டி இறங்கி ஏற வேண்டும், அன்றைக்குப் பொழுது முச்சூடும் அதிலேயே போகும். அதனால் பத்து வீட்டுக்குப் பொதுவான கேஸை மட்டும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், அதையே வைத்தியமாகவும் போட்டுவிடுகிறார்கள். சென்சார், வால்வு எல்லாம் எந்த மாடலுக்கு எது என்று பார்த்து வாங்கி வர வேண்டுமே.

நாங்கள் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து மார்ச்சில் ஒரே நாளில் ஆளை வரவழைப்போம். வண்டிச் செலவைப் பிரித்துக்கொள்வோம். கீழே ஏப்ரலில் அவர்கள் போனையே எடுக்க மாட்டார்கள், அதற்கு முன்னாடி பிடித்துவிட வேண்டும்.

அப்புறம், அவுட்டோரைத் தரையில் வைத்திருந்தால் காட்டெருமை கணக்கையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்க. எங்கள் பக்கத்து வீட்டில் ஒன்று வந்து முதுகைத் தேய்த்ததில் பைப்பு வளைந்து ஃபிளேர் நட்டில் (பைப்பை இணைக்கும் நட்டு) லீக். கம்பெனியில் சொன்னால் நம்பவில்லை, போட்டோ அனுப்பிய பிறகுதான் சிரித்தார்கள். வாரண்டியில் காட்டெருமை இல்லையாம்.

ஈரோட்டு_மஞ்சள் | 6:22

வாரண்டியில் காட்டெருமை இல்லையாம். சிரித்துச் சிரித்து டீ கொட்டிவிட்டது.

சிங்காநல்லூரான் | 6:40

என் ஆயில் ஹீட்டருக்குக் காட்டெருமையும் ஒன்றும் பண்ணாது, இ-பாஸும் வேண்டாம். இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே.

தாராபுரம்_காத்து | 7:15

நான் சொல்கிறேனுங்க. ஆயில் ஹீட்டர் ஒரு யூனிட் கரண்ட் தின்றால் ஒரு யூனிட் சூடுதான் கொடுக்கும். ஹாட் அண்ட் கோல்ட் ஏசி வெளியிலிருந்து சூட்டை இழுத்துவந்து கொடுப்பதால் ஒன்றுக்கு மூன்று பக்கம் கிடைக்கும். கடுங்குளிரில் இது குறையும், அது வேறு. 2,000 வாட் ஹீட்டரைத் தினம் ஆறு மணி நேரம் நிற்காமல் போட்டால் 12 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 720 யூனிட். நம்ம மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் முதல் நூறுக்கு மேலே இருக்கும் ஸ்லாப் கணக்கே மாறிவிடும், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூட என்று நினைக்காதீர்கள். ஏசியில் அதே சூட்டுக்கு இதில் பாதிகூட ஆகாது.

ஆனால் ஒரு சின்ன அறை, ராத்திரி ஒரு மணி நேரம் மட்டும் என்றால் நீங்கள் சொல்வதே சரி. ஹீட்டரே போதும்.

சிங்காநல்லூரான் | 7:22

தெர்மோஸ்டாட் இருக்கிறதே, ஆறு மணி நேரமும் முழுசாக ஓடாதே?

தாராபுரம்_காத்து | 7:26

உண்மைதான், அறை சூடானதும் விட்டு விட்டு ஓடும். நீங்கள் 500க்குக் குறைத்துவிட்டாலும் ஏசிக்கு அதைவிடக் குறைவுதான். அமுச்சிக்கு ராத்திரி முழுக்க வேணுமே.

வெள்ளகோவில்_டு_எட்மன்டன் | 11 ஜனவரி, அதிகாலை 5:02

இங்கே கனடாவில் மைனஸ் இருபத்தைந்து. ஊரில் ஏசி ரிப்பேர் பேச்சைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

குளிர்நாட்டு விலையையும் கேட்டுக்கொள்ளுங்க. என் வீட்டில் சூட்டுக்கு எரிவாயு ஃபர்னஸ், ஜூலை ஆகஸ்டுக்கு சென்ட்ரல் ஏசி. வருஷத்தில் கொஞ்ச நாள்தான் ஓடும், ஆனாலும் போன கோடையில் கெபாசிட்டர் போனது. ஆள் வந்து கதவைத் தட்டுவதற்கே 139 டாலர், சாமானும் கூலியும் சேர்த்து 340க்கு மேல். அதே கெபாசிட்டர் வேலை திருப்பூரில் அண்ணன் வீட்டில் 900 ரூபாய். காரணம் குன்னூர்க்காரர் சொன்னதேதான், ஏசி கொஞ்சநாள் மட்டும் ஓடும் ஊரில் அந்த வேலைக்கு ஆள் குறைவு. வருகிற ஆள் தன் வருஷச் செலவை அந்தக் கொஞ்ச நாளில் எடுத்தாக வேண்டும்.

இன்னொரு விஷயம் காப்பர்_பைப் அண்ணன் பேச்சோடு ஒத்துப்போகிறது. குளிர்காலத்தில் ஏசியை ஓடவிட்டு கேஸ் பார்க்கச் சொன்னால் இங்கே மாட்டேன் என்றுவிடுவார்கள், வெயில் வரட்டும் என்பார்கள். அவசரம் என்றால் எடை போட்டுத்தான் ஏற்றுவார்கள். கேஸைத் தொடுவதற்கே சான்றிதழ் வேண்டும்.

காப்பர்_பைப் | காலை 8:10

அதை இங்கேயும் கொண்டுவந்தால் நல்லது. பயல்கள் பழைய கேஸைக் காற்றிலேயே திறந்துவிடுகிறார்கள். ஆர்32 கார்பன் டை ஆக்சைடைப் போல 675 மடங்கு சூட்டைப் பிடித்துவைக்கும். அதற்கு முந்தைய ஆர்410ஏ இரண்டாயிரத்தைத் தாண்டும்.

அதைவிட அவசரமானது உயிர். ஆர்32 லேசாகத் தீப்பிடிக்கும். லைனில் கேஸ் இருக்கும்போது வெல்டிங் டார்ச்சைக் கொண்டுபோகக் கூடாது. ஏசியைக் கழற்றி இடம் மாற்றும்போது பம்ப் டவுன் என்று கேஸை அவுட்டோருக்குள் இழுப்பார்கள். அந்த நேரத்தில் பைப் லூசாகிக் காற்று உள்ளே போனால், எண்ணெயும் காற்றும் அழுத்தத்தில் சேர்ந்து கம்ப்ரசர் வெடித்துவிடும். எந்த கேஸாக இருந்தாலும் இது நடக்கும். வீடு மாறும்போது 800 ரூபாய்க்கு யார் கழற்றித் தருவார்கள் என்று தேடுகிறவர்கள் இதையும் யோசியுங்க.

கோத்தகிரி_பேரன் | 17 ஜனவரி, இரவு 8:30

பொங்கலுக்கு மேலே போயிருந்தேன், வேலை முடிந்தது. விவரமாகச் சொல்கிறேன்.

கம்பெனியிலிருந்து மெயிலுக்குப் பதில் வந்தது. போர்டு வாரண்டியில் உண்டாம், எஸ்டிமேட் "தவறுதலாக" போடப்பட்டதாம், விசிட் மட்டும் கட்டினால் போதுமாம். அதற்குள் குன்னூர்_மேகம் அண்ணன் ஒரு ஆளைச் சொல்லிவிட்டார். ஹோட்டல் கோல்ட் ரூம் வேலை பார்ப்பவர், அதனால் கேஸை வெளியே இழுக்கும் மெஷின், தராசு எல்லாம் வைத்திருக்கிறார்.

வந்தவுடன் கேஜைத் தொடவே இல்லை. அடுப்பங்கரையில் போய் ஒரு டம்ளர் தண்ணீரும் ஐஸும் கேட்டார். வாசலில் தட்டினால் உதிர்கிற ஐஸே அவுட்டோரில் இருக்கிறதே என்றார் மாமா, அதையே எடுத்துப் போட்டோம். சென்சாரை உருவி அதில் விட்டு மீட்டர் வைத்தார். 9.6 கே. ஐந்து நிமிஷம் கழித்தும் 9.6. அதாவது வெளியே எப்போதும் 25 டிகிரி வெயில் என்று போர்டிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. உறையில் ஒரு விரிசல், அதற்குள் ஈரம் போய் உள்ளே பச்சை பூத்திருந்தது. புது சென்சார் கோவையிலிருந்து பஸ் பார்சலில் மறுநாள் வந்தது.

அப்புறம் கேஸை வெளியே எடுத்து எடை போட்டார். 1,180 கிராம். நேம் பிளேட்டில் இருப்பது 950. நைட்ரஜன் அடித்து வைத்துப் பார்த்தார், முள் அசையவில்லை. லீக்கே கிடையாது. வேக்கம் போட்டு 950 ஏற்றினார்.

பில்: சென்சார் 380, கேஸ் எடுத்து நைட்ரஜன், வேக்கம், எடை போட்டு ஏற்ற 2,800, வந்து போக 600. மொத்தம் 3,780. அன்றைக்கு ராத்திரி ஒரு மணிக்கு அந்தப் "புஸ்" சத்தம் கேட்டது. அவுட்டோரிலிருந்து தண்ணீர் கொட்டியது. அமுச்சி எழுந்து "யாருடா பொடக்காளில (கொல்லைப்பக்கம்) தண்ணி ஊத்தறது" என்று சத்தம் போட்டார்.

பொள்ளாச்சி_அம்மணி | 8:44

அமுச்சிக்கு என் வணக்கம். முதலில் வந்தவரிடம் காசைக் கேட்டீர்களா?

கோத்தகிரி_பேரன் | 8:51

கேட்டேனுங்க அக்கா. எடைக் கணக்கைப் போட்டோவாக அனுப்பினேன். முதலில் குதித்தார். ராத்திரி அவரே கூப்பிட்டு, கேஸ் காசில் 2,000 ஜீபேயில் அனுப்பிவிட்டார். மலை ஏறிய கூலியை நான் கேட்கவில்லை.

ஈரோட்டு_மஞ்சள் | 9:05

காப்பர்_பைப் அண்ணா, இதே இழையில் என்னுடையதையும் பார்த்துவிடுங்க. 2012இல் வாங்கிய ஒன்றரை டன் ஸ்ப்ளிட், ஆர்22. இரண்டு வெயிலாக ஒவ்வொரு மார்ச்சிலும் கேஸ் போகிறது. ஒரு தடவைக்கு 3,500. இந்த வருஷமும் போட்டுவிடட்டுமா? காயில் மாற்ற 9,000 சொல்கிறார்கள்.

காப்பர்_பைப் | 9:40

வேண்டாம். இரண்டு தடவை போனது என்றால் அநேகமாக இண்டோர் காயிலில் ஊசித்துளை. கழுவும் திரவம், பினாயில், வாசனை ஸ்பிரே எல்லாம் புழங்கும் வீட்டில் காப்பர் உள்ளுக்குள்ளேயே எறும்புப் புற்று மாதிரி அரித்துப்போகும், கண்ணுக்குத் தெரியாது. ஒன்றை வெல்டு வைத்தால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும்.

ஆர்22 ஓசோனைக் கெடுக்கிற கேஸ், 2030க்குள் ஏறக்குறைய முழுதாக நிறுத்துகிறார்கள், விலை ஏறிக்கொண்டேதான் போகும். அந்த வயசு மெஷினுக்கு 9,000 போட்டுக் காயில் மாற்றுவது வீண். 2025 செப்டம்பர் 22லிருந்து ஏசிக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 ஆகியிருக்கிறது, அதையும் கணக்கில் எடுத்துப் புதுசு பாருங்க. கோத்தகிரி தம்பிக்கு வேறு கணக்கு, நாலு வருஷ மெஷின், வாரண்டி உயிரோடு இருக்கிறது.

வாங்கினால் பிப்ரவரிக்குள் வாங்கி மாட்டிவிடுங்க. மாட்டும்போது வேக்கம் பம்ப் கொண்டுவந்தானா என்று நின்று பாருங்க, கேஸைத் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளுகிற வேலையெல்லாம் வேண்டாம். அவுட்டோரை மேற்கு வெயிலில் வைக்காதீர்கள்.

ஈரோட்டு_மஞ்சள் | 9:46

மொட்டை மாடியில் மேற்குச் சுவர்தானுங்க இருக்கிறது.

காப்பர்_பைப் | 9:52

அப்படியானால் மேலே ஒரு தகரக் கூரை போடுங்க, முன்னாடி காத்து போக இடம் விட்டு. சுத்தி அடைத்துவிடாதீங்க.